எம்ஜிபியில் ரோவர் வி8: மூன்று நூல் இடைவெளி

இஞ்சினை இறக்கி உட்கார வைத்தது போன மாதம். அதற்குப் பிறகு வந்த மூன்று சனிக்கிழமைகளை ஸ்டீயரிங்கும் ரேடியேட்டரும் எடுத்துக்கொண்டன.

வண்டி 1978 எம்ஜிபி ஜிடி, எம்ஜி கம்பெனியின் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். அதிலிருந்த 1798 சிசி நாலு சிலிண்டரைக் கழற்றிவிட்டு ரோவரின் 3528 சிசி வி8, அதாவது V வடிவில் எட்டு சிலிண்டர் உள்ள இஞ்சினை வைக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது எடையைத்தான். வி8-இன் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம், பழைய இரும்பு இஞ்சினுக்கும் இதற்கும் எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது. எம்ஜி கம்பெனியே 1973 முதல் 1976 வரை இதே இஞ்சினோடு 2591 ஜிடி வண்டிகளைச் செய்திருக்கிறது. 1974 கடைசியில் ரப்பர் பம்பர் வந்தபோது, வி8-க்கு ஏற்ற இஞ்சின் பேயையே (இஞ்சின் உட்காரும் அறை) மற்ற எம்ஜிபிகளுக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். குரோம் பம்பர் மேல் எனக்கு ஆசை உண்டு. ஆனாலும் வெட்டு, வெல்டிங் குறையும் என்றுதான் இதைத் தேடி வாங்கினேன்.

சிக்கல் வலப்பக்கத்தில். இங்கிலாந்து வண்டி என்பதால் ஸ்டீயரிங் ஷாஃப்டும் அங்கேதான் இறங்குகிறது. அதை வளைவில் இணைக்கும் யுனிவர்சல் ஜாயின்டை உரசுகிற மாதிரி, இஞ்சின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போகிறது. அளந்தால் மூன்று நூல், அதாவது முக்கால் அங்குலத்தில் பாதி. போதும் என்று நினைத்தேன். அன்று ராத்திரி கோயம்புத்தூருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். நாற்பது வருஷம் லேத்தில் நின்றவர். "நிக்கும்போது அளந்தா பத்தாதுடா, அது ஆடும்போது எவ்வளவு வருதுன்னு பாரு" என்றார்.

அடுத்த நாள் சப்பாத்தி மாவில் ஒரு உருண்டையை ஜாயின்ட் மேல் ஒட்டினேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் இந்த இஞ்சின் வலப்பக்கமாகத்தான் சாயும். அதனால் கடப்பாரையை நெம்புகோலாகக் கொடுத்து அந்தப் பக்கமே சாய்த்து, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகச் சுற்றினேன். மாவை எடுத்துப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. ஒரு இடத்தில் அப்பளம்போல நசுங்கி, வெளிச்சத்தில் விரல் தெரிந்தது.

காரணம் இஞ்சினைத் தாங்கும் வலது மவுன்ட் ரப்பர். பார்வைக்குப் புதுசு, அழுத்தினால் பஞ்சு. இரண்டு பக்கமும் கெட்டியான ரப்பர் மாற்றி, பிராக்கெட் ஓட்டைகளை நீளவாக்கில் அராவி, இஞ்சினை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினேன். இப்போது நிற்கும்போது ஐந்து நூல், சாயும்போது மூன்று நூல். நடுவில் வெப்பத் தகடு ஒன்றும் வைத்தாயிற்று. ஜாயின்டை அராவி இடம் பண்ணலாம் என்று சிலர் சொல்வார்கள். ஸ்டீயரிங் சாமானில் அரம் படவே கூடாது என்பது என் கட்சி.

கழற்றிய ஸ்டீயரிங் ரேக்கை, அதாவது முன்சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டை, திரும்பப் பூட்டும்போது அவசரம் ஆகாது. ரேக்கின் பினியன் ஷாஃப்டும் (பல்சக்கரத் தண்டு) மேலிருந்து வரும் ஸ்டீயரிங் ஷாஃப்டும் ஜாயின்டின் நடுவில் சரியாகச் சந்திக்க வேண்டும். தப்பினால் ஸ்டீயரிங் ஒரு சுற்றில் இறுகும், தளரும். ரேக்கைப் பிடிக்கும் ஒரு காலின் ஓரத்தில் ஷிம் என்கிற மெல்லிய தகடு ஒன்று தேவைப்பட்டது. பினியன் ஷாஃப்டில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், கிளாம்ப் போல்ட் அதன் வழியாகத்தான் போகும். கையால் தள்ளிப் போகவில்லை என்றால் ஜாயின்ட் முழுதாக இறங்கவில்லை என்று அர்த்தம்.

ரேடியேட்டர் வேலை சுலபம். 1977 மாடலிலிருந்தே அது முன்னால் தள்ளி, மின்விசிறியோடுதான் வருகிறது. கனமான கோர் உள்ளதைச் செய்யக் கொடுத்தேன், கீழ் ஹோஸ் வாய் எதிர்ப்பக்கம் வைத்து வந்தது. திருப்பிக் கொடுத்து வாங்கப் பத்து நாள். ஃபேன் சுவிட்சைப் பழைய மாதிரி ரப்பரில் செருகாமல் மரை போட்டுத் திருகும்படி கேட்டு வாங்கினேன், அந்த ரப்பர் பிதுங்கிக் கூலன்ட் கொட்டிய கதைகள் நிறைய.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி வைத்துப் தண்ணீர் பாதி, கூலன்ட் பாதி கலந்து ஊற்றினேன், காற்று மேலேறி வெளியேற வேண்டுமே. இருபது நிமிஷம் ஓடியது. மேல் ஹோஸ் சூடானது, சற்றுப் பொறுத்து ஃபேன் சுற்றியது, ஊசி நடுவிலேயே நின்றது. கீழே விரித்த அட்டையில் ஒரு சொட்டு இல்லை.

டிராக்கிங் (முன்சக்கரங்களின் நேர்) பார்த்த பிறகு தெருவில் இறக்க வேண்டும். ஓட்டி வந்ததும் முதலில் அந்த ஜாயின்டில் மறுபடி மாவு ஒட்டிப் பார்ப்பேன்.