எக்கினேசியா வளர்த்த மூன்று ஆண்டு: விதை முதல் வேர் வரை

சளிக்கு எக்கினேசியா என்ற மூலிகை கேட்கும் என்று ஓர் ஆய்வு, கேட்காது என்று இன்னோர் ஆய்வு. இப்படி மாறி மாறிப் படித்ததில், செடியை நானே வளர்த்து வேரைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. பர்ப்பூரியா வகையில் 20 விதை, அங்கஸ்டிஃபோலியா வகையில் 20 விதை வாங்கினேன். மருந்துக்கு எடுக்கிற மூன்று வகைகளில் இவை இரண்டு. மூன்றாவது பல்லிடா, அது கிடைக்கவில்லை.

முதல் ஆண்டு

வட அமெரிக்கப் புல்வெளிச் செடி இது. ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் அங்கஸ்டிஃபோலியா விதை உறக்கம் கலையும். அதனால் ஈர மணலில் கலந்து ஃபிரிட்ஜில் வைத்தேன். பர்ப்பூரியாவுக்கு நான்கு வாரம், அங்கஸ்டிஃபோலியாவுக்குப் பத்து வாரம். பர்ப்பூரியா பன்னிரண்டே நாளில் பதினாறு முளைத்தது. அங்கஸ்டிஃபோலியா ஐந்துதான். அந்த ஐந்திலும் இரண்டை, தொட்டி மாற்றும்போது ஆணிவேர் ஒடிந்து இழந்தேன். இன்னொரு முறை விதைத்தால் ஆழமான தொட்டியிலேயே நேராகப் போட்டுவிடுவேன், மாற்றவே மாட்டேன்.

இரண்டாம் ஆண்டு

பர்ப்பூரியா பூத்தது. நடுவில் இருக்கும் கூம்பை விரலால் வருடினால் சீப்புப் பல்லைத் தொட்டது போல இருக்கிறது. நுனிகள் ஆரஞ்சு நிறம், அடியில் கருஞ்சிவப்பு. முள்ளெலிக்கான கிரேக்கச் சொல்லிலிருந்துதான் இதற்குப் பெயர் வந்தது. ஒருமுறை தொட்டவருக்கு அந்தப் பெயர் மறக்காது. இதழ்கள் முதலில் நேராக நின்று, பத்து நாளில் கீழே தொங்கிவிட்டன.

அந்தப் பருவத்தில் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இலைச் சோதனை. பர்ப்பூரியாவில் சிக்கோரிக் அமிலம் என்று ஒன்று உண்டு. இலையை நசுக்கியதும் செடியிலேயே உள்ள ஒரு நொதி அதைச் சிதைக்கத் தொடங்கிவிடும் என்று படித்திருந்தேன். நான்கு இலையை அப்படியே அரைத்தேன். இன்னும் நான்கை ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கி எடுத்து அரைத்தேன். அரை மணி நேரத்தில் முதல் கிண்ணம் பழுப்பாகிவிட்டது, இரண்டாவது பச்சையாகவே நின்றது. நிறத்தை வைத்து அமிலத்தின் அளவைச் சொல்ல முடியாது. ஆனாலும் நொதி வேலை செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். சூடோ ஆல்கஹாலோ அந்த நொதியை அடக்கும். ஆக, ஒரே செடியின் சாறானாலும் எப்படிப் பிழிந்தார்கள் என்பதைப் பொறுத்து உள்ளிருக்கும் சரக்கு மாறுகிறது.

மூன்றாம் ஆண்டு

வேர் தோண்டினேன். பர்ப்பூரியா வேர், நரைத்த தாடி போலக் கொத்தாக வந்தது. அங்கஸ்டிஃபோலியாவில் ஒன்றை மட்டும் எடுத்தேன்: சுண்டுவிரல் தடிமனில் ஒற்றை ஆணிவேர், வெளியே பழுப்பு, வெட்டினால் உள்ளே வெளிர் மஞ்சள். சூரியகாந்திக் குடும்பச் செடிகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதை வாயில் வைக்கக் கூடாது. எனக்கு அந்தத் தொந்தரவு இல்லாததால் அரிசி அளவு நறுக்கி மென்றேன். முதலில் மண் வாசம், லேசான இனிப்பு. அப்புறம் நாக்கு நுனியில் விறுவிறுப்பு தொடங்கி, எச்சில் ஊறி, உதட்டோரம் மரத்துப்போனது. கால் மணி நேரம் அப்படியே இருந்தது. அக்கரகாரம் கடித்தவர்களுக்கு இது புரியும். இரண்டு வேரிலும் உறைப்புக்குக் காரணம் அல்கமைடு வகைச் சேர்மங்கள்தான். வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகள் பல்வலிக்கு இந்த வேரை மென்றதன் நியாயம் வாயிலேயே தெரிந்தது.

இந்த வேரைத்தான் அமெரிக்காவின் நெப்ராஸ்காவைச் சேர்ந்த மேயர் என்ற மருந்து வியாபாரி 1880களில் சின்சினாட்டியில் இருந்த மருத்துவர் ஜான் கிங், மருந்தாளர் ஜான் யூரி லாய்டு இருவருக்கும் அனுப்பினார். பாம்புக்கடிக்கும் கேட்கும், வேண்டுமானால் உங்கள் முன்னாலேயே பாம்பைக் கடிக்கவிட்டுக் காட்டுகிறேன் என்றார். நல்லவேளை, அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அது அங்கஸ்டிஃபோலியா. ஆனால் 1930களில் ஜெர்மனியில் மருத்துவர் கெர்ஹார்ட் மடாவுஸ் மருந்தாக்கியது பர்ப்பூரியாவின் இலை, தண்டு, பூ சேர்ந்த சாறு. அங்கே பிறகு நடந்த ஆய்வுகளில் பெரும்பங்கு அந்தச் சாற்றை வைத்துத்தான்.

வேரை மென்ற பிறகு பழைய ஆய்வுகளைத் திரும்ப எடுத்தேன். இந்த முறை முடிவைப் பார்ப்பதற்கு முன், எந்த வகை, எந்தப் பாகம் என்று தேடினேன். 2003இல் 2 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்குக் கொடுத்தது பர்ப்பூரியா சாறு. பலன் தெரியவில்லை, தோல் தடிப்பு மட்டும் கூடுதலாக வந்தது. 2005இல் மூக்கில் சளி உண்டாக்கும் ரைனோவைரஸை விட்டுச் சோதித்தது அங்கஸ்டிஃபோலியா வேரின் மூன்று விதமான சாறுகளை. அதிலும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. 2010இல் 719 பேரை வைத்து நடந்த சோதனையில், அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்தது இரண்டு வேரும் கலந்த மாத்திரை. சளி ஏறக்குறைய அரை நாள் முன்னதாக விட்டது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுதான். 2014இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் குழு 24 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, சில தயாரிப்புகளுக்குச் சிறு பலன் இருக்கலாம், தயாரிப்புகள் ஒன்றுக்கொன்று வேறானவை என்றது. இதைவிட மோசமும் நடந்திருக்கிறது: பர்ப்பூரியாவில் இருப்பதாக முன்பு எழுதப்பட்ட சில சேர்மங்கள், வேரோடு கலந்து விற்கப்பட்ட பார்த்தீனியம் இன்டெக்ரிஃபோலியம் என்ற வேறொரு செடியுடையவை என்று 1980களில் தெரியவந்தது.

ஆகவே, வெறுமனே 'எக்கினேசியா' என்று மட்டும் எழுதிய புட்டியை நான் வாங்க மாட்டேன். வகை, பாகம், எதில் ஊறவைத்தது, மூன்றும் அச்சிட்டிருக்க வேண்டும். அல்கமைடு தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். நான் கொதிக்க வைத்த வேர்க் கஷாயத்தில் நாக்கு ஏறக்குறைய ஒன்றும் உணரவில்லை; வடிகட்டிய சக்கையை மென்றபோது விறுவிறுப்பு அதில் அப்படியே இருந்தது.

மீதமுள்ள இரண்டு அங்கஸ்டிஃபோலியாவை இந்த ஆண்டு தொடப்போவதில்லை. இன்னும் பூக்கவில்லை. பூத்தால் அவற்றின் விதையை எடுத்து, ஈர மணலோடு மறுபடி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். இந்த முறை பன்னிரண்டு வாரம்.