விற்ற காருக்கு வந்த அபராதம்: பெயர் மாறும் வரை நாங்கள் அலைந்த கதை

காரை விற்றுப் பணம் கைக்கு வந்து, சாவியையும் ஆர்சி என்ற பதிவுச் சான்றையும் கொடுத்துவிட்டால் கணக்கு தீர்ந்தது என்றுதான் பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறோம். தீரவில்லை. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ, அவரைத்தான் போலீசும் கோர்ட்டும் தேடி வருவார்கள். என் அப்பாவை அப்படித்தான் தேடி வந்தார்கள். அவர் அந்தக் காரைக் கண்ணால் பார்த்தே பல மாதங்கள் ஆகியிருந்தன.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் வலி அதிகமானதும் வேகன்ஆரை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். வீட்டுக்குப் பக்கத்திலேயே பழைய கார் வாங்கி விற்கும் ஒருவர் இருந்தார். பேசிய விலை கொடுத்தார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார். "பெயர் மாத்துற வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன் சார்" என்றார். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வண்டியை எடுத்துப் போகிறார் என்று டெலிவரி நோட் ஒன்றும் எழுதிக் கொடுத்தார். அப்பா எதையும் தூக்கிப் போடாதவர். அந்தக் காகிதத்தையும் இன்சூரன்ஸ் ஃபைலிலேயே சொருகி வைத்திருந்தார். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

முதலில் வந்தது டோல் கட்டண மெசேஜ். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக்கைத் தானே கிழித்துவிடுவதாக டீலர் சொல்லியிருந்தார், கிழிக்கவில்லை. வானகரத்தில் இவ்வளவு பிடித்தம், சூரப்பட்டில் இவ்வளவு என்று அப்பாவின் போனுக்கு வரிசையாக வந்தது. ஒருநாள் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று மூன்றும் அடுத்தடுத்து. யாரோ குடும்பத்தோடு விழுப்புரம் பக்கம் போயிருக்கிறார்கள். டேக் கொடுத்த பேங்குக்குப் போன் செய்து, வண்டி விற்றாகிவிட்டது என்று சொல்லி டேக்கை மூடச் சொன்னோம். அதுவரை நடந்த பிடித்தங்களின் விவரத்தையும் எழுத்தாகக் கேட்டு வாங்கிக்கொண்டோம். கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும், நீங்களும் கேளுங்கள். வண்டி எந்தத் தேதியில் எங்கே ஓடியது என்பதற்கு அது ஒரு சாட்சி.

அப்புறம்தான் அந்தப் போன் வந்தது. "டிராஃபிக் போலீஸ் கால் சென்டர்லேர்ந்து பேசறோம் சார், உங்க வண்டி மேல ஃபைன் பெண்டிங் இருக்கு." கட்டாமல் கிடக்கும் அபராதங்களை வசூலிக்க, இப்படிப் போன் போட்டு நினைவூட்டும் கால் சென்டர்களைச் சென்னை போலீசார் 2022ல் தொடங்கினார்கள். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் வாழ்நாள் முழுக்க ஒரு வழக்கும் பார்க்காத மனிதருக்குப் போலீஸ் என்ற வார்த்தையே போதும். அடுத்த வாரமும் போன் வந்தது. அன்று இரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. "கட்டிடலாம்மா, நாலாயிரம்தானே, மானம் போனா வருமா?" என்றார்.

கட்ட வேண்டாம் என்றேன். பணம் பெரிய விஷயமில்லை. இன்று கட்டினால் இன்றைய போன் நிற்கும். வண்டி அப்பா பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த மாதம் அடுத்த சலான், அதாவது அபராத நோட்டீஸ், வரும். முதலில் எதற்காக, எங்கே, எப்போது என்று பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

அதற்குள் வாட்ஸ்அப்பில் இன்னொன்று வந்து சேர்ந்தது. போலீஸ் முத்திரை போட்ட படம், காரின் நம்பர், "இன்றே கட்டாவிட்டால் கோர்ட்", கீழே ஒரு ஏபிகே ஃபைல், அதாவது போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல். உண்மையான போனும் போலி மெசேஜும் ஒரே வாரத்தில் வந்தால் எந்தப் பெரியவரும் தடுமாறத்தான் செய்வார். இந்த ஏபிகேயைத் தொட்டால் போனில் வரும் ஓடிபியெல்லாம் திருடன் கைக்குப் போய்விடும். சலானைப் பார்க்க எந்த ஃபைலையும் இறக்க வேண்டாம். மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளம் போதும். முகவரி கவ் டாட் இன் என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரியாமல் தொட்டுப் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்ய வேண்டும்.

அந்தத் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் சேசிஸ் அல்லது என்ஜின் நம்பரின் கடைசி ஐந்து எழுத்துகளையும் கேட்கும். ஆர்சிதான் டீலரிடம் போய்விட்டதே என்று ஒரு நிமிடம் விழித்தோம். பழைய இன்சூரன்ஸ் பாலிசியில் இரண்டும் அச்சாகி இருந்தன. எல்லாச் சலானும் வந்தன: சிக்னல் தாண்டியதற்கு 500, சீட் பெல்ட் போடாததற்கு 1,000, போன் பேசிக்கொண்டு ஓட்டியதற்கு 1,000 என்று போனது. ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், இடம் இருந்தது. எல்லாத் தேதியும் டெலிவரி நோட்டுக்குப் பிந்தியது.

கேமரா பிடித்த சலான் என்றால் படமும் இருக்கும். கேமரா சலானுக்கு மின்னணு ஆதாரம் வேண்டும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021ல் சேர்த்தார்கள். அந்தப் படத்தைத் திறந்து பார்க்காமல் யாரும் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது என்பது என் கருத்து. நம்பர் பிளேட்டைத் தவறாகப் படித்து வேறு வண்டிக்கான அபராதம் வருவதும் உண்டு. எங்கள் படத்தில் நம்பர் எங்களுடையதுதான், கார் எங்கள் கார்தான். ஆனால் பின் கண்ணாடி முழுக்க மஞ்சள் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கிட்டே வைத்துப் பார்த்தார். "கல்யாணம், காதுகுத்து, சீமந்தம்... சமையல் கான்ட்ராக்ட்" என்று வாசித்தார். கீழே பத்து இலக்க நம்பர். கடைசி இலக்கம் மட்டும் மங்கலாக இருந்தது, மூன்றா எட்டா தெரியவில்லை. எட்டைப் போட்டேன்.

எடுத்தவர் அம்பத்தூர்க்காரர். நான் சொன்னதைக் கேட்டதும் அவருக்கும் அதிர்ச்சி. "மேடம், பேர் மாத்தறதுக்குன்னு தனியா காசு குடுத்திருக்கேன். ஆர்டிஓ ஆபீஸ்ல பெண்டிங், இதோ வந்துடும் வந்துடும்னு சொல்லிட்டே இருக்காரு" என்றார். டீலர் இவரிடமும் காசு வாங்கிக்கொண்டு எதையும் செய்யவில்லை. டேக் வேலை செய்யாமல் டோலில் இரண்டு மடங்கு கட்டி வந்ததாகவும் சொன்னார். ஒரு வண்டிக்கு ஒரு ஃபாஸ்டேக்தான். பழையதை மூடிவிட்டோம், ஆர்சி தன் பெயரில் இல்லாததால் புதியதை வாங்க அவரால் முடியவில்லை. செல்லுபடியாகும் டேக் இல்லாமல் வந்தால் இரட்டைக் கட்டணம் என்ற விதி 2021 பிப்ரவரியில் வந்தது. 2025 நவம்பர் 15 முதல் யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு, ரொக்கமாகக் கொடுத்தால் இரண்டு மடங்கு என்று அதை மாற்றினார்கள்.

டீலர் விண்ணப்பமே போடவில்லை என்பது எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், பெயர் மாற்றத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது பழைய உரிமையாளரின் போனுக்கு ஓடிபி வரும். அப்பாவிடம் அந்த நாள் வரை யாரும் ஓடிபி கேட்டதே இல்லை. வண்டியை விற்று வாரக்கணக்காகியும் ஓடிபி கேட்டு போன் வரவில்லையென்றால், உங்கள் காகிதம் யாருடைய மேஜை டிராயரிலோ தூங்குகிறது என்று அர்த்தம்.

சட்டம் இதில் கறாராக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 50வது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அபராதத்தைவிட என்னைத் தூங்கவிடாதது விபத்து பற்றிய பயம்தான். 2018ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வண்டி பல கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று சொல்லிவிட்டது. அந்தக் கார் யார் மீதாவது மோதியிருந்தால், முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கும் என் அப்பாதான் கோர்ட் படி ஏற வேண்டும்.

டீலரிடம் சமையல்காரரும் நாங்களும் சேர்ந்தே போனோம். முதலில் வழக்கமான பேச்சு. "ஆளு ஊருக்குப் போயிருக்கான் சார், திங்கக்கிழமை பாத்துடலாம்." திங்கட்கிழமை போனை எடுக்கவில்லை. சரி, இனிப் பேசிப் பயனில்லை என்று நடந்ததை ஒரே பக்கத்தில் தேதிவாரியாக எழுதினோம். டெலிவரி நோட், டோல் பிடித்தங்களின் விவரம், சலான் படங்கள், சமையல்காரர் டீலருக்கு அனுப்பிய பணத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் இணைத்து, ஒரு நகலை டீலருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பினோம். இன்னொன்றை ஸ்டேஷனில் கொடுத்துச் சிஎஸ்ஆர் ரசீது வாங்கினோம். சிஎஸ்ஆர் என்றால் வழக்குப் பதிவு இல்லை, புகார் வந்தது என்பதற்கான பதிவு, அவ்வளவுதான். ஆனால் அந்த நம்பரைச் சொன்ன அன்று சாயங்காலமே டீலர் தானாக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அதன் பிறகும் ஒரு முடிச்சு இருந்தது. சலான் பாக்கி இருக்கும்வரை பெயர் மாற்றம் நகராது. பெயர் மாறாதவரை புதுச் சலானும் அப்பா பெயரிலேயே வரும். யாராவது கட்டித்தான் ஆக வேண்டும். சமையல்காரர் நல்ல மனிதர், "ஓட்டினது எங்க பசங்க, நாங்கதான் கட்டணும்" என்று அவரே சொல்லிவிட்டார். இன்ன தேதியிலிருந்து வண்டி என் வசம் இருக்கிறது, அதற்குப் பிந்திய அபராதங்கள் என்னுடையவை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ரசீதில் வண்டி நம்பரும் சலான் நம்பரும்தான் இருக்கும், கட்டியது யார் என்று இருக்காது. அதனால் இந்தத் தாள் முக்கியம்.

பழைய இரண்டு சலான்கள் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைனிலேயே நடக்கும் கோர்ட்டுக்கு, போயிருந்தன. அவற்றைச் சலான் தளத்தில் கட்ட முடியாது. விர்ச்சுவல் கோர்ட் தளத்தில் தேடி எடுக்க வேண்டும். அங்கே இரண்டு வழி உண்டு: சொன்ன அபராதத்தைக் கட்டுவது, அல்லது எதிர்த்து வாதாட விரும்புகிறேன் என்று தெரிவிப்பது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு வழக்கமான கோர்ட்டுக்குப் போகும், நேரில் நிற்க வேண்டும். வாங்கியவர் கைவிரித்திருந்தால் டெலிவரி நோட்டோடு அதைத்தான் செய்திருப்பேன். இங்கே அவரே கட்டியதால் தேவைப்படவில்லை. கட்டிய மறுநாளே எல்லாம் தளத்தில் தீர்ந்ததாகக் காட்டவில்லை, கொஞ்சம் பொறுக்க வேண்டியிருந்தது.

பெயர் மாற்ற விண்ணப்பத்தை டீலரிடம் விடாமல் சமையல்காரரின் மகனும் நானும் ஒரே மேஜையில் உட்கார்ந்து போட்டோம். அப்பாவின் போனுக்கு ஓடிபி வந்தது. அவர் ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னார். ஆர்டிஓ அலுவலகத்தில் காகிதங்களைச் சரிபார்த்து, வண்டியைப் பார்த்து அனுப்பினார்கள். பெயர் மாறிவிட்டதா என்று அப்பா தினமும் எம்பரிவாஹன் ஆப்பில் பார்த்துக்கொண்டே இருந்தார். மாறிய அன்று அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து என்னைப் பிரிண்ட் போடச் சொல்லி, அதே இன்சூரன்ஸ் ஃபைலில் வைத்தார். பெயர் மாற்றத்துக்கென்று வாங்கிய பணத்தைச் சமையல்காரருக்கு டீலர் திருப்பிக் கொடுத்தார். டோலில் கட்டிய இரட்டைக் கட்டணத்தைக் கடைசிவரை கொடுக்கவில்லை.

இவ்வளவு அலைந்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்கள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டியை அவரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் பதிவு செய்தால், அன்றிலிருந்து அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியால் வரும் பொறுப்பும் அவருடையது. அந்த ஒரு படிவம் போட்டிருந்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு போன்கூட வந்திருக்காது. போன மாதம் சித்தப்பா தன் ஆக்டிவாவை விற்கக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். முதல் கடையில் அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொன்னதும் "அதெல்லாம் இங்க யாரும் கேக்கறதில்லையே" என்றார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, தெரிந்தவர் ஒருவருக்கே விற்று, விண்ணப்பத்தை அன்றே எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டோம்.