ஒட்டகத்துக்கு ஏழு சிப்பம்

டெல்டாவில் பார வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும், பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். அமெரிக்க ராணுவம் ஒட்டகம் ஓட்டிப் பார்த்த கதை புரிய இந்த அறிவு போதும்.

1855 மார்ச்சில் அந்நாட்டு நாடாளுமன்றம் 30,000 டாலர் ஒதுக்கியது. மேஜர் ஹென்றி வெய்ன் மத்தியதரைக்கடல் பக்கம் போய் வாங்கிவந்து, 1856 மே மாதம் டெக்சாஸின் இண்டியனோலாவில் 34 ஒட்டகங்களை இறக்கினார். அடுத்த ஆண்டு இன்னும் 41 வந்தன. சான் அன்டோனியோவிலிருந்து கேம்ப் வெர்டே ராணுவ முகாமுக்கு ஆறு ஒட்டகங்கள் சுமந்துபோன ஓட்ஸ் 3,648 பவுண்டு. தலைக்கு சுமார் 276 கிலோ. நம் கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ என்றால், ஏறக்குறைய ஏழு சிப்பம். கோவேறு கழுதை வண்டிகளுக்கு ஆகும் நாட்களில் பாதியிலேயே போய்ச் சேர்ந்தன.

தடுமாற்றம் சேணத்தில்தான் தொடங்கியது. நம் மாட்டுக்கு நுகத்தடி திமிலுக்கு முன்னால் உட்கார்ந்து, திமில் அதை உந்தும். ஒட்டகத் திமில் எலும்பில்லாத வெறும் கொழுப்பு. அதன்மேல் எடை விழக் கூடாது. வைக்கோல் அடைத்த மெத்தைகள் திமிலுக்கு இருபுறமும் விலா எலும்புகளின்மேல் படிய வேண்டும். ஒட்டகத்தை மண்டியிட வைத்து, இரண்டு பக்கமும் ஒரே எடையில், ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும், இறக்குவதும் அப்படியே. ஒரு பக்கத்தை முதலில் அவிழ்த்தால் சேணம் உருண்டுவிடும். எழும்போது பின்னங்கால்கள் முதலில் உயரும், பாரம் முழுதும் முன்னால் சாயும். அதைத் தாங்க வால் பக்கத்து வார் வேண்டும். எழுந்தபின் பின்னால் நழுவாமலிருக்க மார்பு வார். நீண்ட பயணத்தில் திமில் வற்றும், முந்தாநாள் பொருந்திய சேணம் இன்று உரசும், புண் வைக்கும். தினமும் மெத்தையைப் பிரித்துத் திருத்தத் தெரிந்தவர்கள் ஒட்டகங்களோடு வந்த ஒரு சிலர்தான். நின்ற கோவேறு கழுதைக்குக் கயிறு இறுக்கிப் பழகிய கைக்கு இந்த வேலை படியவில்லை.

பாதம் இன்னொரு விஷயம். மாடு சேற்றில் ஊன்றும்போது குளம்பு விரியும், எடுக்கும்போது குவிந்துகொள்ளும். ஒட்டகத்துக்கு இருப்பது அகன்ற மெத்தைப் பாதம். மணலில் அருமை, ஈரக் களிமண்ணில் வழுக்கும். கால்கள் பக்கவாட்டில் அகன்றால் இடுப்பு கிழியும். சம்பா நடவு நேரத்து வயல் வரப்பில் அதை நடக்கவிடவே கூடாது. ஆழத் தண்ணீர் மட்டும் அதற்குப் பயமில்லை. 1857 அக்டோபரில், இந்த ஒட்டகங்களோடு வண்டிப் பாதை அளக்கப் போன எட்வர்ட் பீல் கொலராடோ ஆற்றைக் கடந்தபோது ஒட்டகங்கள் எல்லாம் நீந்திக் கரையேறின. பத்துக் கோவேறு கழுதைகளும் இரண்டு குதிரைகளும் மூழ்கின.

இத்தனைக்குப் பிறகும் வழியில் எதிர்ப்பட்ட கோவேறு கழுதைகளும் குதிரைகளும் ஒட்டக வாடைக்கு மிரண்டு, பாரத்தை உதறிவிட்டு ஓடின. சரக்குப் பாதை முழுதும் அவற்றை நம்பியிருந்த நாட்டில் இது பெரிய இடைஞ்சல். 1861இல் உள்நாட்டுப் போர் வந்ததும் ராணுவத்தின் கவனம் போயிற்று, மந்தைகள் ஏலத்தில் சிதறின. நெவாடாவில் தனியார் ஒட்டகங்களில் வெள்ளி ஆலைகளுக்கு உப்பு ஏற்றினார்கள். அங்கேயும் அதே மிரட்சிதான். 1875இல் பொதுச் சாலையில் ஒட்டகம் அவிழ்த்துவிட்டபடி திரியக் கூடாது என்று அந்த மாநிலம் சட்டமே போட்டது.