பன்னிரண்டு சர்வரும் ஒரு கோப்பும்

மார்ச் 4, செவ்வாய்

அடுத்த வெள்ளிக்குள் 12 சர்வர் வேண்டுமாம். போன முறை ஐந்தைக் கையாலேயே தயார் செய்தேன். நோட்டில் உள்ள பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றிலும் யூசர், எஸ்எஸ்எச் கீ (தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் சாவிக் கோப்பு), டைம்ஜோன், அப்டேட். நான்காவதில் டைம்ஜோனை விட்டுவிட்டேன். அதன் லாகில் மட்டும் எல்லாம் ஐந்தரை மணி நேரம் முன்னதாகவே நடந்திருந்தது! காரணம் தெரிய அரை நாள் ஆனது.

இந்த முறை கிளவுட்-இனிட்தான், புது சர்வரைத் தானாகவே தயார் செய்யும் மென்பொருள். உபுண்டு லினக்ஸின் கிளவுட் இமேஜிலேயே (நிறுவிய நிலையில் கிடைக்கும் டிஸ்க் பிரதி) இருக்கிறது. நாம் யாமல் என்ற எளிய உரை வடிவில் எழுதிக்கொடுக்கும் கோப்பை முதல் பூட்டில் படித்து, மேலே சொன்ன அத்தனையையும் செய்துவிடும்.

மார்ச் 6, வியாழன்

கோப்பு தயார், 40 வரி. அதையும் மெட்டா-டேட்டா கோப்பையும் (மெஷினின் பெயரும் ஐடியும் இருப்பது) சின்ன ஐஎஸ்ஓ, அதாவது சிடி பிரதி ஆக்கி, 'சிஐடேட்டா' என்று லேபிள் கொடுத்து விஎம்மில் (மெய்நிகர் மெஷின்) மாட்டினேன். பூட் ஆனது, லாகின் திரையும் வந்தது. உள்ளேதான் போக முடியவில்லை. நான் எழுதிய யூசரே உருவாகவில்லை. திரையில் ஒரு பிழைச்செய்தியும் கிடையாது.

டிஸ்க்கைக் கழற்றி வேறொரு விஎம்மில் மாட்டி லாகைப் படித்த பிறகுதான் புரிந்தது. கோப்பின் முதல் வரி '#கிளவுட்-கான்ஃபிக்' என்று இருக்க வேண்டும். பார்க்க வெறும் கமெண்ட் மாதிரி இருக்கும். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அதை நான்தான் அழித்திருந்தேன். வந்திருப்பது என்ன வகைக் கோப்பு என்று அந்த வரியை வைத்துத்தான் கிளவுட்-இனிட்டுக்குத் தெரியும்.

மார்ச் 7, வெள்ளி

வரியைச் சேர்த்து மறுபடி பூட் செய்தேன். ஒன்றும் மாறவில்லை. மெட்டா-டேட்டாவில் உள்ள இன்ஸ்டன்ஸ்-ஐடி பழையதாக இருந்தால், 'இந்த மெஷினுக்கு முதல் வேலை முடிந்தது' என்று கிளவுட்-இனிட் விட்டுவிடுமாம். நியாயம்தான். ஐடியை மாற்றினேன், உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஓடுகிற விஎம்மை குளோன் செய்து மூன்றாக்கினேன். மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாளம்) வேறு, இன்ஸ்டன்ஸ்-ஐடியும் வேறு. ஆனாலும் இரண்டுக்கு ஒரே ஐபி! சாப்பாட்டு நேரம் முழுக்க ஐபி பிரித்துக் கொடுக்கும் டிஎச்சிபி சர்வரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். குற்றவாளி இடிசி கோப்புறையில் உள்ள மெஷின்-ஐடி என்ற கோப்பு. குளோனோடு சேர்ந்து வந்துவிட்டது. உபுண்டு அதை வைத்துத்தான் டிஎச்சிபியிடம் தன்னை அடையாளம் காட்டுகிறது. அந்தக் கோப்பைக் காலி செய்துவிட்டு டெம்ப்ளேட் (குளோன் செய்வதற்கான மூலப் பிரதி) எடுத்தேன். அடுத்த பூட்டில் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும்.

மார்ச் 13, வியாழன்

டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் கோப்பிலேயே போடலாமே என்றார் பக்கத்து சீட் நண்பர். வேண்டாம் என்றேன். கோப்பு கிட் (Git) என்ற கோட் சேமிப்பில் இருக்கிறது, ஐஎஸ்ஓ ஊரெல்லாம் சுற்றுகிறது. நாளைக்கு இதையே அமேசானின் கிளவுட்டான ஏடபிள்யூஎஸ்ஸில் ஓட்டினால், மெஷினுக்குள் இருக்கும் சாதாரண யூசர்கூட 169.254.169.254 என்ற உள் முகவரியில் கேட்டு இந்தக் கோப்பை வாங்கிவிடலாம்.

மார்ச் 14, வெள்ளி

பன்னிரண்டும் எழுந்துவிட்டன. டைம்ஜோன் எல்லாவற்றிலும் சரி. ஆனால் 'வெப்-07' என்ற பெயரில் இரண்டு நிற்கின்றன, 'வெப்-08'-ஐக் காணோம். மெட்டா-டேட்டா கோப்புகளை மட்டும் கையால் காப்பி அடித்தேன். திங்கட்கிழமை அதற்கும் ஒரு ஸ்கிரிப்ட்.