யார் சொல்லிப் பார்த்தாய்?

பருவ விடுமுறைக்கு மலேசியாவிலுள்ள என் ஊரான சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பிய முதல் இரவில், பல்கலைக்கழகம் இருக்கும் தஞ்சோங் மாலிமில் நான்கு மாதங்களாகப் பயன்படுத்திய அதே துணை தேடும் செயலியைத் திறந்தேன். முதலில் வந்து நின்ற முகம் எங்கள் கோவில் தலைவரின் மகனுடையது. இரண்டாவது, தமிழ்ப்பள்ளியில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன். மூன்றாமவன் எனக்கு அண்ணன் முறை. டிண்டர் போன்ற செயலிகள் கைத்தொலைபேசி இருக்கும் இடத்தை வைத்தே ஆட்களைக் காட்டுகின்றன. தூரத்தைப் பத்துக் கிலோமீட்டராகக் குறைத்துவிட்டால், செம்பனைத் தோட்டத்து லயங்களையும் இரண்டு மூன்று தாமான் குடியிருப்புகளையும் தாண்டி அது எங்கே போகும்? அண்ணனை வேண்டாமென்று அவசரமாக இடப்பக்கம் தள்ளிவிட்டேன். அவன் என்னைப் பார்த்தானா என்று இன்றுவரை கேட்கவில்லை.

டிண்டர் 2012இல் வெளிவந்து, முதலில் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடையேதான் பரவியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அந்நாட்டில் 2017இல் சந்தித்த ஆண்-பெண் இணையர்களில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர் இணையத்தின் வழியே சந்தித்தவர்கள். நண்பர்கள் வழியாக அறிமுகமாவது அந்த அளவுக்குப் பின்தங்கிவிட்டது. அப்படித் தொடங்கும் உறவு நிலைக்குமா என்பதற்கு 2013இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் கசியோப்போ குழுவினர் ஒரு விடை தந்தார்கள். 2005 முதல் 2012 வரை திருமணம் செய்த 19,131 பேரை ஆராய்ந்ததில், இணையத்தில் சந்தித்தவர்களிடையே மணமுறிவு சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது துணை தேடித் தரும் ஓர் இணையத்தளம். தவிரவும், அந்தத் திருமணங்களில் பெரும்பாலானவை விரலால் முகங்களைத் தள்ளும் பழக்கம் வருவதற்கு முந்தியவை.

வாடகை வீட்டில் என்னுடன் இருந்த மூன்று தோழியரும் இதைப் பயன்படுத்தினார்கள். ஒருத்திக்குப் பொழுதுபோக்கு, இன்னொருத்திக்குத் தன்னையும் யாரோ விரும்புகிறார்கள் என்று அறிவதில் ஓர் ஆறுதல், பேசத் தொடங்கிய இரண்டாம் நாளே அவளுக்குச் சலித்துவிடும். மூன்றாமவள்தான் உண்மையாகவே துணை தேடினாள், கண்டும் பிடித்தாள். இரண்டு ஆண்டுகள் சண்டை சச்சரவில்லாமல் போன அந்த உறவு, அவள் வீட்டில் சொன்ன இரண்டே வாரத்தில் முறிந்தது. பையனின் படிப்பையோ சம்பளத்தையோ பற்றி அவளுடைய அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லையாம், பசியாறிக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "யார் சொல்லி இந்தப் பையனைப் பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

அப்பொழுது அந்தக் கேள்வியைப் பழமைவாதம் என்று திட்டித் தீர்த்தேன், இன்றும் அதில் சாதி விசாரிப்பு ஒளிந்திருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும், தோட்டத்தில் ஒரு பையனை அறிமுகம் செய்துவைக்கும் அத்தை வெறுமனே பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதில்லை. நாளைக்கு அவன் குடித்துவிட்டு வந்தால் முதலில் அவள் வீட்டு வாசலில்தான் போய் நிற்பார்கள் என்பது அவளுக்கும் தெரியும். செயலி அத்தையின் முதல் வேலையை எடுத்துக்கொண்டது, இரண்டாவதை யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

அதனால்தான் எங்கள் ஊரில் செயலியில் தொடங்கிய உறவுகள் நிச்சயதார்த்தம்வரை வரும்போது, கூடவே ஒரு கதையும் தயாராகிவிடுகிறது. என் சித்தி மகள் தன் வருங்காலக் கணவரைப் பல்கலைக்கழகப் பொங்கல் விழாவில் சந்தித்ததாக வீட்டில் சொல்லியிருக்கிறாள். சாட்சி நான். சென்ற மாதம் நிச்சயத்துக்குப் போயிருந்தபோது, சித்தி அந்த நிகழ்வைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் விவரித்துக்கொண்டிருந்தார்: மாப்பிள்ளை அன்று கரும்புக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாராம், இவள் வழிவிட்டு ஒதுங்கி நின்றாளாம். கரும்பை நாங்கள் யாரும் சொல்லவில்லை.