பூ தைத்த சடை: நான்காவது தடவையில் கைகூடியது

அம்மாவுக்கு எட்டு வயதில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. பாவாடை சட்டையோடு, ஸ்டுடியோ நாற்காலியில் ஒரு கையை ஊன்றி நிற்கிறாள். பின்னால் ஆளுயரக் கண்ணாடி. முகம் நம்மைப் பார்க்கிறது, கண்ணாடிக்குள் முதுகு நீளத்துக்கு மல்லிகை தைத்த சடை தெரிகிறது. அதே மாதிரி எனக்கும் ஒரு படம் உண்டு, கலரில். இரண்டு சடையும் அம்மாச்சி கையால் தைத்தவை.

இந்தச் சித்திரையில் என் மகளுக்கு எட்டு வயது. அம்மாச்சி இப்போது இல்லை. கடையில் தைத்துத் தயாராக விற்கிறார்கள், போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு வாங்கிக் கட்டிவிட்டேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அடியில் கெட்டி அட்டை. பிள்ளை தலையைத் திருப்பினால் சடை கூடத் திரும்பாமல் விறைப்பாக நின்றது. அம்மாச்சி தைத்தது முதுகோடு படிந்து வளையும். அந்த வளைவு வேண்டும் என்றுதான் இந்த வருஷம் நானே தைப்பதென்று பங்குனியிலேயே பழக ஆரம்பித்தேன்.

முதல் தடவை

பின்னிய சடை மேலேயே நேரடியாகத் தைத்துப் பார்த்தேன். மூன்று கால் பின்னல் போட்டு, ஊசியில் ஐந்தைந்து மொட்டாகக் குத்தி, முடிக்குள் நூலை ஓட்டினேன். பத்து வரிசைக்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. பிள்ளைக்குக் கழுத்து வலி, எனக்கு விரல் வலி. அதைவிட மோசம், பிரிக்கும்போது நூலும் முடியும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. கத்தரியை முடிக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே பயமாக இருந்தது. நல்ல வேளை, வெள்ளை நூல் போட்டிருந்தேன். கறுப்பு நூல் என்றால் முடியையும் சேர்த்து வெட்டியிருப்பேன்.

“அம்மாச்சி தலையில வச்சுத் தைக்கல. வாழைப்பட்டையில தைச்சுட்டு, கடைசியிலதான் கட்டுனாங்க” என்றாள் அம்மா. அம்மாவுக்குத் தைக்கத் தெரியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அப்புறம் எல்லாவற்றையும் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன்.

இரண்டாவது தடவை

வாழைப்பட்டையை அன்றைக்கே உரித்து அன்றைக்கே தைத்தேன். பட்டையில் தண்ணீர் நிறைய இருந்தது. ஊசி போன இடமெல்லாம் கீறல் விட்டு, பாதியில் குறுக்கே முறிந்தது. முதல் நாளே உரித்து, வழித்துத் துடைத்து, நிழலில் ஓர் இரவு கிடத்திவிட்டால் பட்டை வதங்கித் தோல் மாதிரி ஆகிவிடுகிறது. ஊசியும் இறங்குகிறது, வளைத்தாலும் உடைவதில்லை. மேலே நான்கு விரல் அகலம், கீழே போகப் போக இரண்டு விரல். பிள்ளையின் சடை நீளத்துக்கு நாற்பத்தைந்து சென்டிமீட்டர் போதுமாக இருந்தது.

இன்னொரு தப்பும் அன்றைக்குத்தான் பிடிபட்டது. நான் மேலிருந்து கீழாகத் தைத்துக்கொண்டு வந்தேன். மொட்டுகளின் தலை வெளிப்பக்கம், காம்பு நடுவில், எல்லாம் லேசாகக் கீழ்நோக்கிச் சாய்ந்தபடி. முடித்துவிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் பச்சைக் காம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஓட்டு வீட்டுக்கு ஓடு வேய்பவர்கள் கூரையின் கீழ் ஓரமான இறவாணத்திலிருந்துதான் ஆரம்பித்து மேலே ஏறுவார்கள், அப்போதுதான் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படியும். சடைக்கும் அதுதான் கணக்கு. குஞ்சலம் தொங்கும் முனையில் முதல் வரிசையைத் தைத்து, அதன் காம்பை மறைத்தபடி அடுத்த வரிசையை மேலே ஏற்ற வேண்டும். இது புரிந்ததும் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

நடுக்கோட்டில் இரண்டு பக்கத்துக் காம்புகளும் சந்திக்கும் இடம் எப்படியும் தெரியத்தான் செய்யும். அதை மூட, வாழைநாரில் நெருக்கிக் கட்டிய கனகாம்பரச் சரத்தை மேலிருந்து கீழ் வரை ஓடவிட்டு, நான்கு விரலுக்கு ஒரு தையல் போட்டேன். வெள்ளைக்கு நடுவில் அந்த ஆரஞ்சு ஓடும்போது சடைக்கே ஒரு முதுகெலும்பு வந்த மாதிரி இருக்கிறது.

மொட்டு பற்றிக் கொஞ்சம்

பூ தைக்கிற வழக்கம் கோடை விடுமுறையோடு ஒட்டியிருப்பதற்குக் காரணம் பள்ளிக்கூடம் மட்டும் இல்லை. மல்லிகை கொட்டிக் கிடக்கிற காலம் பங்குனி, சித்திரை, வைகாசிதான். மார்கழி, தையில் வரத்தும் குறைவு, விலையும் கைக்கு எட்டாது. எங்கள் மதுரையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. காலையிலேயே போய் உதிரிப்பூவாக வாங்கி வந்துவிடலாம். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதழ் தடித்த குண்டு மல்லி இது. தைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடிமனின் அருமை தெரியும். ஊசி குத்தினாலும் மொட்டு சட்டென்று துவள்வதில்லை.

ஆனால் மொட்டு காத்திருக்காது. விடியற்காலையில் பறித்தது அன்று மாலையே விரிய ஆரம்பித்துவிடும். இரண்டாவது தடவை நான் மதியம் மூன்று மணிக்கு மேல் உட்கார்ந்தேன். கடைசி வரிசை தைக்கும்போது முதல் வரிசை வாயைத் திறந்துவிட்டது. விரிந்த பூவும் மொட்டும் கலந்தால் வரிசை மேடு பள்ளமாகிவிடும். இப்போது காலை பத்து மணிக்குள் வாங்கி, ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்து, உடனே உட்கார்ந்துவிடுகிறேன்.

பொறுக்குவதுதான் முதல் வேலை. ஒரே உயரம், ஒரே பருமன், காம்பு ஒடியாதது. ஒரு வரிசைக்குப் பத்து மொட்டு, நாற்பத்தைந்து வரிசை, ஆக நானூற்று ஐம்பது மொட்டு சடைக்கு மட்டும். உச்சியில், ராக்கொடி என்கிற தலை நகை மாதிரி வட்டமாகத் தைக்க இன்னொரு அறுபது. கழித்தது போகச் சரியாக இருக்கட்டும் என்று கால் கிலோ வாங்குகிறேன். மிஞ்சுவதைச் சரமாகக் கட்டிச் சாமிக்குப் போட்டுவிடலாம்.

மூன்றாவது தடவை

தையல் நன்றாக வந்தது. கட்டிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் பட்டை ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. தப்பு பூவில் இல்லை, அடியில் இருந்த பின்னலில். இறுக்கிப் பின்னினால் சடை கயிறு மாதிரி உருண்டுவிடுகிறது. உருண்டை மேல் தட்டையான பட்டை எப்படி நிற்கும்? அதோடு அன்று காலைதான் சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளிப்பாட்டியிருந்தேன்.

“குளிச்ச அன்னிக்கே பின்னுனா வழுக்கும்டி. நாளைக்குப் பின்னு, லேசா எண்ணெய் தொட்டுக்க” என்றாள் அம்மா.

அடுத்த பத்து நாள் பூவையே தொடவில்லை. பின்னல் மட்டும் பழகினேன். பிடரியில் கறுப்பு நாடாவால் இறுக்கிக் கட்டி, அங்கேயே சவுரியை, அதாவது ஒட்டு முடியைச் சேர்த்து, முடியின் ஒவ்வொரு காலோடும் சவுரியின் ஒரு காலைச் சேர்த்துப் பின்ன வேண்டும். நாலைந்து பின்னல் போட்டதும் ஓரங்களை இரண்டு கையாலும் மெல்ல வெளியே இழுத்துவிட்டால் சடை தட்டையாக அகலும். கட்டு இறுக்கம், பின்னல் தளர்வு. கைக்கு அது பழகத்தான் அத்தனை நாள் ஆயிற்று. என்னைக் கேட்டால் பூ தைத்த சடையில் முக்கால்வாசி வேலை, வெளியே தெரியாத இந்தப் பின்னல்தான்.

நான்காவது தடவை

சித்திரை இரண்டாவது ஞாயிறு. முதல் நாள் தலைக்குக் குளிப்பாட்டி, பட்டையை வதக்கிப் போட்டு வைத்தேன். காலை பத்தேகாலுக்கு ஊசி எடுத்தேன், ஒரு மணிக்கு முன்னால் சடை தயார். முதல் தடவை எடுத்த நேரத்தை நினைத்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டினேன்.

மூன்று மணிக்குப் பின்னல், குஞ்சலம். பட்டையை முதுகில் வைத்து ஐந்து இடத்தில் கறுப்பு நூலால் பின்னலோடு முடிந்தேன். நூலைப் பின்னல் கண்ணுக்குள் விட்டுக் கட்ட வேண்டும், சுற்றிக் கட்டினால் பூ நசுங்கும். வகிட்டின் இரண்டு பக்கமும் சூரியன், சந்திரன் நகை, நெற்றியில் சுட்டி. அம்மா தன் காசுமாலையைக் கழற்றிப் போட்டாள்.

ஸ்டுடியோவில் ஆளுயரக் கண்ணாடி இப்போது இல்லை. வீட்டு பீரோக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்து நானே எடுத்தேன். “திரும்பிப் பார்க்கட்டுமா?” என்று கேட்டபடி பிள்ளை தலையை அசைத்தாள். சடை அவள் கூடவே வளைந்து, தோளைத் தொட்டு, திரும்ப முதுகில் படிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பழைய படத்தை எடுத்துவந்து பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஐந்து முடிச்சையும் வெட்டினேன். ஒரு முடிகூட வரவில்லை. சடையைத் தாம்பாளத்தில் கிடத்தும்போது மொட்டெல்லாம் முழுக்க விரிந்து, வரிசையே தெரியாமல் ஒரே வெள்ளையாக இருந்தது.

வைகாசியில் மதினி மகளுக்கு வளைகாப்பு. இடுப்புக்குக் கீழே இறங்கும் சடை, குறைந்தது எண்பது சென்டிமீட்டர் வேண்டும். அதற்கு எண்ணூறு மொட்டுக்குக் குறையாது, ஒருத்தியால் மொட்டு விரிவதற்குள் முடிக்க முடியாது. கீழ்ப் பாதியை நானும் மேல் பாதியை அம்மாவும் தனித்தனிப் பட்டையில் தைத்து நடுவில் சேர்ப்பதாகப் பேசியிருக்கிறோம். அம்மா நேற்றிலிருந்து ஊசி பிடித்துப் பழகுகிறாள்.