நோட்டீஸை ஸ்கேன் பண்ணிப் போடாதீங்க, டைப் பண்ணிப் போடுங்க

எங்க காலேஜ் வெப்சைட்டை 4 வருஷமா நான்தான் பார்த்துக்கிறேன், கம்ப்யூட்டர் சயின்ஸ்ல கிளாஸ் எடுக்கிறது போக மீதி நேரத்துல. காலேஜுக்குத் தர மதிப்பீடு பண்ற நாக் விசிட் வந்தப்போ, அவங்க 7 கிரைட்டீரியாவுக்கும் லிங்க் ஓப்பன் ஆகுதான்னு எல்லாரும் பார்த்தாங்க, ஆனா தினமும் பசங்க திறந்து பார்க்கிற நோட்டீஸ் பக்கத்தை யாரும் கண்டுக்கிறதில்ல, நானும் ரொம்ப நாள் கண்டுக்கல.

போன வருஷம் பி.ஏ. வரலாறு படிக்கிற ஒரு பையன் லேபுக்கு வந்தான். அவனுக்குப் பார்வை கிடையாது, போன்ல, திரையில இருக்கிறதை வாசிச்சுச் சொல்ற டாக்பேக் போட்டுத்தான் எல்லாத்தையும் கேட்டுப் படிப்பான். "சார், ஸ்காலர்ஷிப் நோட்டீஸ் போட்டிருக்கீங்கன்னு சொன்னாங்க, திறந்தா ஒண்ணுமே பேச மாட்டேங்குது சார்"னான். வாங்கிப் பார்த்தேன். பச்சை இங்க்ல கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப்பு, லேசா சாய்ஞ்ச மாதிரி ஸ்கேன் பண்ணின பிடிஎஃப். நம்ம கண்ணுக்கு அது எழுத்து, போனுக்கு அது வெறும் போட்டோ, அதுல வாசிக்க ஒரு எழுத்துகூட கிடையாது. கடைசி தேதிக்கு 2 நாள்தான் இருந்துச்சு. நான் வாசிக்க வாசிக்க அவன் அப்படியே ரெக்கார்ட் பண்ணிக்கிட்டான். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

மறுநாள் ஆபீஸ்ல போய் எல்லா நோட்டீஸையும் டைப் பண்ணித்தான் போடணும்னு சொன்னேன். "கையெழுத்து இல்லாம போட்டா யாரு சார் நம்புவாங்க"ன்னு சூப்பிரண்டண்ட் கேட்டாங்க, அதுவும் நியாயம்தான். அதனால மேல டைப் பண்ணின விஷயம், கீழ கையெழுத்து போட்ட ஸ்கேன், ரெண்டும் இருக்கும்னு பேசி முடிச்சோம்.

அடுத்த சிக்கல் பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட். தமிழ்த்துறை ஃபைல் எல்லாம் அந்த ஃபான்ட்லதான் வரும். அதுல 'தமிழ்'னு அடிச்சா உள்ள இருக்கிறது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு செமிகோலன், அவ்வளவுதான், அந்த ஃபான்ட் இல்லாத போன்ல அதேதான் தெரியும், டாக்பேக்கும் அதைத்தான் வாசிக்கும். கன்வர்ட்டர்ல போட்டு, எந்த போன்லயும் தமிழாவே தெரியுற யூனிகோடா மாத்தலாம். ஆனா பாமினில கொம்பை முதல்ல அடிச்சுட்டு அப்புறம்தான் எழுத்தை அடிப்போம், யூனிகோட்ல எழுத்து முன்னாடி, கொம்பு பின்னாடி. சரியில்லாத கன்வர்ட்டர்னா கொம்பு பக்கத்து எழுத்துல போய் ஒட்டிக்கும். அதனால மாத்தினதுக்கப்புறம் ஒருதடவை வரி வரியா படிச்சுப் பார்த்தே ஆகணும், இதுக்குக் குறுக்குவழி எதுவும் எனக்குக் கிடைக்கல.

போன வாரம் செமஸ்டர் டைம்டேபிள் வாட்ஸாப்ல போட்டோவா வந்துச்சு. அதை உக்காந்து நிஜமான டேபிளா அடிச்சேன், தலைப்பு வரிசையைத் தலைப்புன்னே குறிச்சு, அப்போதான் ஒவ்வொரு கட்டத்துக்கும் எது தேதி எது பேப்பர்னு டாக்பேக் சேர்த்துச் சொல்லும். போடுறதுக்கு முன்னாடி அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கேக்கச் சொன்னேன். முழுசும் கேட்டுட்டு, "சார், 3-வது பேப்பர்ல காலையா மதியமான்னு போடல"ன்னான். ஒரிஜினல்லயே விட்டுப் போயிருந்துச்சு. எக்ஸாம் செல்லுக்குப் போன் பண்ணிக் கேட்டு, சேர்த்துட்டுத்தான் ஏத்தினேன்.